பரண் மேல் இருப்பது யாருடையது?

வீட்டை விற்பவர் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கும்போது, ‘எல்லாத்தையும் காலி பண்ணியாச்சு சார்’ என்பார். நம்பாதீர்கள். எந்த வீட்டையும் யாரும் முழுசாகக் காலி பண்ணியதில்லை. கொல்லையில் ஓர் ஆட்டுக்கல் கிடக்கும். கதவு நிலையில் குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் இருக்கும். பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். இதெல்லாம் கிரையப் பத்திரத்தில் வராது. நாலு எல்லை வரும், சதுர அடி வரும், தகரப் பெட்டி வராது.

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் நண்பர் ஒருவர் பழைய ஓட்டு வீடு வாங்கினார். இடித்துவிட்டுக் கீழே கடை, மேலே வீடு என்பது பிளான். மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே லாங் பஜாரில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு, அங்கே ஓர் அடி இடத்தின் அருமை தெரியும். அந்த வீட்டின் பின்னறையில், சாக்கு போட்டு மூடிய ஆளுயரப் பெட்டி ஒன்று. சாக்கை விலக்கினால், வீடியோ கேம் மெஷின்! காசு போட்டுவிட்டு நின்றுகொண்டே விளையாடுவோமே, அதுதான். விற்றவரின் மகன் ஒரு காலத்தில் வாசல் அறையில் கேம்ஸ் கடை வைத்திருந்தானாம். பக்கத்திலேயே ஒரு டப்பா நிறைய டோக்கன்.

காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். நண்பர் நல்ல மனிதர். விற்ற பெரியவருக்கு போன் போட்டுக் கேட்டார். வந்த பதில்: ‘எனக்கு வேண்டாம்பா. ஆனா வித்துடாதே.’

‘இது என்னய்யா நியாயம்? வேணும்னா எடுத்துட்டுப் போகணும். வேண்டாம்னா என் இஷ்டத்துக்கு விடணும். நீ பி.காம். தானே, சட்டம் என்ன சொல்லுது?’ என்று என்னிடம் வந்தார்.

பி.காம். படித்தவனுக்கு மெர்க்கன்டைல் லா கொஞ்சம் மிச்சமிருக்கும். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவு, வீடு கைமாறும்போது எதெல்லாம் கூடவே வரும் என்று சொல்கிறது. பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், அப்புறம் வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்காக வைத்த மற்றவை. பதித்துவைத்த ஆட்டுக்கல்லுக்கு வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம். வீடியோ கேமுக்கு முடியாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 71-வது பிரிவு: அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. மண்ணுக்கடியில் புதையலே கிடைத்தால் 1878-ம் வருஷத்துச் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். (அந்தப் பத்து ரூபாய்க்கு இன்று என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.)

சட்டத்துக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: யாருடையது? இங்கே அதற்கும் பதில் வந்துவிட்டது. பெரியவர் ‘வேண்டாம்’ என்ற அந்த நொடியோடு சட்டத்தின் வேலை முடிந்தது. ஆனால், ‘வித்துடாதே’ என்கிறாரே, அந்த வார்த்தையை எங்கே வைப்பது?

வெறும் சென்டிமென்ட் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘வேண்டாம்’ வேறு, ‘விற்றுக்கொள்’ வேறு. செத்துப்போன தாத்தாவின் மூக்குக் கண்ணாடி நமக்கு வேண்டாம்தான். அதற்காக அதை ஒருவர் எடைக்குப் போட்டுக் காசு பார்த்தால் சும்மா இருப்போமா? பெரியவர் பொருளைக் கேட்கவில்லை. அதன் மேல் ஒரு விலை விழுவதைத்தான் தாங்க மாட்டேன் என்கிறார்.

அதற்காக நண்பர் பக்கம் நியாயம் இல்லை என்று ஆகிவிடாது. காசு கொடுத்து வாங்கிய இடத்தை அடுத்தவர் ஞாபகங்களுக்கு கோடவுனாக எத்தனை நாள் விடுவது? விட்டுப் போனவருக்குக் கொஞ்சம் அவகாசமும், அந்தப் பொருள் எந்த மாதிரி வெளியே போகிறது என்பதில் ஒரு வார்த்தையும் பாக்கி உண்டு. அதற்கு மேல் கிடையாது. கடைசியில் நண்பர் மெஷினை ஒரு டி.வி. மெக்கானிக்குக்குச் சும்மா கொடுத்தார். டோக்கன் டப்பாவைப் பெரியவருக்கு அனுப்பிவைத்தார். சரியான காரியம் என்றே நினைக்கிறேன்.

பெரியவர் தானாக விற்று, தானாக விட்டுப் போனவர். எல்லாருக்கும் அந்தச் சௌகரியம் வாய்ப்பதில்லை. லாங் பஜாரிலிருந்து நடக்கிற தூரத்தில் கோட்டை இருக்கிறது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்த இடம் அதுதான். 1806 ஜூலை 10-ம் தேதி நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அப்பாவின் அரண்மனையிலும் ஒரு விளையாட்டு மெஷின் இருந்தது. வெள்ளைக்காரனை மரப்புலி கடித்துக் குதறும். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், அவன் கையை ஆட்டி முனகுவான். கம்பெனிக்காரர்கள் அதை லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர் போனவர் எல்லாம் சுற்றிச் சுற்றி, ஒரு கட்டத்தில் கைப்பிடியே காணாமல்போனது. புலி இன்றும் அங்கே விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ‘நாங்க எடுத்து வெச்சதாலதான் பத்திரமா இருக்கு’ என்பார்கள். நம் காயலான் கடைக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்: ‘இங்க கிடந்தா கரையான்தான் சார் திங்கும்.’

அதே கோட்டைக்குத்தான் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் 1816-ல் கொண்டுவந்தார்கள். 1832-ல் இறந்தார். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்து போய், 1934-ல்தான் இலங்கைக்குத் திரும்பியது. உட்கார்ந்தவர் பாலாற்றங்கரையில் புதைந்து நூற்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ராஜாக்களை விடுங்கள். 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். நகை, பணம், சாமான் எல்லாம் அப்படியே நின்றன. அஞ்சே வருஷத்தில், 1995-ல், யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் லட்சக்கணக்கில் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தார்கள். அந்த வீடுகளில் கிடந்ததையும் ‘விட்டுட்டுப் போனது’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால், அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகும்?

போர் முடிந்து, பல வருஷம் கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் பார்த்த வீடுகளில் பலவற்றில் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, ஜன்னல் இல்லை. பரணில் கிடந்ததைப் பற்றி அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?