கம்பளிச் சட்டையும் நேசர் தறியும்

2018-ஆம் ஆண்டு வைகாசியில் யான் திருக்கேதாரம் செல்லத் துணிந்தேன். அது 11,700 அடிக்கு மேலுயர்ந்த பனிவரைத் தலமாதலின், என் இல்லாள் இரண்டு ஊசிகொண்டு எனக்குக் கம்பளிச் சட்டையொன்று பின்னலாயினாள். மூட்டு நோயால் அவட்கு உடன்வருதல் இயலாது. மாலைப் பாராயணத்தை விடுத்து அதில் அமர்ந்தமை எனக்கு உவப்பாயில்லை. கணவன்மாட்டுப் பற்றும் பாசமே என்று நாற்பதாண்டு பிரசங்கித்தவனல்லனோ!

ஒருநாள் பின்னியதிற் பத்து வரிசையை அவிழ்த்தாள். ஒரு கண்ணி நழுவியதாம். தறியிற் பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாங்கும். பின்னலிலோ ஓரிழையே கண்ணிக்குட் கண்ணியாய்ச் செல்லும். ஒன்று நழுவின், அது தாங்கிய கீழ்க்கண்ணிகளும் அவிழ்ந்து ஏணிபோல் இடைவெளி விழும். "யார் காண்பார்?" என்றேன். "குளிர் காணுமே" என்றாள். மீளவும் அவள் உதடு அசைந்தது. கண்ணி எண்ணுகின்றாள் போலும் என்று செவிமடுத்தேன். எண்ணாக நின்றது ஐந்தெழுத்து.

காம்பீலி நகர் நேச நாயனார் மனத்தை இறைவன் தாளிலும், நாவை ஐந்தெழுத்திலும், கையைத் தறியிலும் வைத்து, அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்தளித்த வரலாற்றை எத்துணை முறை விரித்துரைத்தேன்! என் திண்ணையில் அது நிகழ்ந்தமை கண்டிலேன். இவள் பற்றுப் பாசமாயின், நேசர் அடியார்மாட்டு வைத்ததும் அன்னதாமோ? சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியிலிருந்தே கேதாரத்தைப் பாடினர். இவளும் இல்லிருந்தே அம்மலை ஏறினாள் என்பதை மறுக்கும் வகை காணேன்.

சட்டையின் இடக்கை சற்றே நீளம். அதனை அவட்குச் சொல்லிற்றிலேன்.