நோன்பும் மருந்தும்

போதைப்பொருளை நிறுத்துபவர் முதல் சில நாள்களில் படும் உடல் வேதனையைத் தவமாகக் கொள்வதா, நோயாகக் கருதித் தணிப்பதா என்பது மருத்துவம் மட்டும் தீர்த்துவிடக்கூடிய கேள்வியன்று. வலியைப் பழவினையின் கழிவாகவோ பிழைக்குக் கழுவாயாகவோ காணும் நோக்கு சமயங்கள் பலவற்றில் வேரோடியிருப்பதால், மருந்தின்றித் தாங்கியவரே மெய்யாக விட்டவர் என்னும் எண்ணம் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் எளிதில் குடியேறிவிடுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் பௌத்த மரபுக்குள்ளேயே வைத்துச் சோதிக்கலாம்.

தாய்லாந்தின் சரபுரி மாநிலத்திலுள்ள தாம் கிரபோக் மடம், அந்நாட்டில் அபின் தடை நடைமுறைக்கு வந்த 1959 முதல் போதைக்கு ஆட்பட்டோரை ஏற்று வருகிறது. காவல்துறையிலிருந்து துறவறம் பூண்டு அப்பணியை நடத்திய சம்ரூன் பர்ன்சந்த் 1975-இல் மகசேசே விருது பெற்றார். அங்குச் சேர்பவர் முதலில் ‘சச்சா’ எனப்படும் சத்திய உறுதிமொழியை ஏற்கிறார். பின்னர் ஐந்து நாள்கள் நாள்தோறும் மூலிகைக் கஷாயத்தைக் குடித்து, வாய்க்கால் ஓரமாக வரிசையில் மண்டியிட்டு, வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து அவர் வாந்தியெடுக்க, முன்பே அந்த நாள்களைக் கடந்தவர்கள் பின்னால் நின்று மேளம் கொட்டிப் பாடுகிறார்கள். உடலில் தேங்கிய நஞ்சு இவ்வாறு வெளியேறுகிறது என்ற விளக்கத்தை மருத்துவம் ஏற்பதில்லை; ஏனெனில் விலகல் துன்பம் எஞ்சிய நஞ்சால் வருவதன்று, போதைப்பொருளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட மூளை அப்பொருள் திடீரென இல்லாதபோது நிலைகுலைவதால் வருவது. ஆயினும் தனிமையில் குறுகிக் கிடந்த ஒருவர் பலர் முன்னிலையில் வெட்கத்தையும் சேர்த்துக் கக்கிவிடும் அச்சடங்கை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவதும் நியாயமாகாது.

அபின், ஹெராயின் பழக்கத்தை விடுபவருக்குக் கண்ணீரும் கொட்டாவியும் மயிர்க்கூச்சமும் எலும்பு நோவும் வயிற்றுப்போக்கும் இரண்டு மூன்று நாள்களில் உச்சமடைந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிகின்றன. நீரிழப்பைக் கவனித்துக்கொண்டால் அவை உயிரைப் பறிப்பது அரிது. மதுவின் செய்தி வேறு. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென நிறுத்தும்போது, மதுவால் அடங்கிக் கிடந்த நரம்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் கிளர்ந்து, முதலில் கைநடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றும் சித்தப்பிரமையும் தோன்றி, மருத்துவம் கிட்டாவிடில் மரணமும் நேரக்கூடும். டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதும், தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றுவதும் இதனாலேயே. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் குடியை விடுவோர் தமிழகத்தில் பலர் உள்ளமையால், மாலை அணிவிக்கும் குருசாமி ஒருவர் ‘காலையில் கை நடுங்குமா’ என்று முன்கூட்டியே கேட்டு, நடுங்குமெனில் மருத்துவரிடம் அனுப்புவாரேயானால் அது விரதத்துக்கு எவ்வகையிலும் இழுக்காகாது.

மருந்தின் துணையால் விட்டது விட்டதாகுமா என்ற ஐயத்துக்கு பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மருந்துப் பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சி ஒளி தருகிறது. பிலிந்தவச்சர் என்னும் துறவியின் வாதநோய்க்குக் காய்ச்சும் எண்ணெயில் மது சேர வேண்டுமென மருத்துவர் கூற, மதுவை விலக்கிய புத்தரே அதற்கு இசைகிறார். சில துறவியர் அளவுமீறிச் சேர்த்துக் குடித்து மயங்கியபோது, மதுவின் நிறமும் மணமும் சுவையும் புலப்படாத அளவே உட்கொள்ளத் தகும் என வரையறுக்கிறார். மது மிகுந்த எண்ணெயையோ உடம்பில் தேய்த்துக்கொள்ளப் பயன்படுத்தச் சொல்கிறார். இன்ன பொருள் உள்ளே சென்றது என்பதைக் காட்டிலும், அது உணர்வை மழுக்கியதா என்பதே இங்கு அளவுகோலாக நிற்கிறது. பௌத்தரின் ஐந்து ஒழுக்க விதிகளுள் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவதற்குக் காட்டும் காரணமும் விழிப்பின்மையே.

இவ்வளவுகோலை மெதடோன், புப்ரனார்பின் ஆகியவற்றுக்கும் நீட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த இவ்விரண்டும் அபின் இனத்தைச் சார்ந்தவையே எனினும், சரியான அளவில் நாள்தோறும் உட்கொள்பவருக்குக் கிறக்கம் தராமல் விலகல் துன்பத்தையும் வேட்கையையும் அடக்குகின்றன. ஒரு சார்பு போய் இன்னொரு சார்பு வந்ததே என்னும் மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சார்பு என்பதே குற்றமெனில், தம்மை வருத்தும் தவத்தையும் இன்ப நாட்டத்தையும் ஒருசேர மறுத்த மரபு, நோயுற்ற துறவிக்கு நெய்யும் தேனும் அனுமதித்திருக்க வேண்டியதில்லை.

தாம் கிரபோக் முறையில் ஏற்கக் கடினமானது வாந்தி அன்று, அச்சிகிச்சை ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் என்னும் விதி. உறுதிமொழிக்கு அது எடை கூட்டுகிறது என்பது மெய்யே. ஆயினும் உடல் தெளிந்த சில வாரங்களில் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், தவறி மீண்டும் பழைய அளவையே எடுப்பவர் மூச்சடங்கி இறக்கும் ஆபத்து முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு கூடுகிறது. கதவு திறந்திருக்க வேண்டிய தேவை அவருக்கே மிகுதி.