பொறியின் ஆயுளும் பொறுப்பின் எல்லையும்

ஒரு பொருளைச் செய்து விற்றவருக்கு அதன்மீதுள்ள கடமை எந்த இடத்தில் முடிகிறது என்பது அறவியலில் பழைய கேள்வி. பொருளின் பழுதைக் கண்ணால் கண்டு, அருகிலுள்ள கைவினைஞரைக் கொண்டு சீர்செய்துகொள்ள முடிந்த காலத்தில், விற்பனையோடு கடமையும் தீர்ந்தது என்று கருதுவதில் ஓரளவு நியாயம் இருந்தது. கணினியால் இயங்கும் பெரும்பொறிகள் அந்த நியாயத்தைக் குலைத்துவிட்டன. காந்தப்புலத்தின் துணையால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் பெரும் பொருட்செலவில் வாங்கப்பட்டுப் பத்தாண்டுகளைக் கடந்தும் உழைக்கக்கூடியது. ஆனால், அதன் கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள இயங்குதளம், அதாவது வன்பொருளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையே நின்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருள், வேறொரு நிறுவனத்தால் எழுதப்பட்டு, அந்நிறுவனம் குறிக்கும் நாளில் பராமரிப்பை இழக்கிறது.

இந்தப் பொருத்தமின்மை எத்தகைய இன்னலுக்கு வழிவிடும் என்பது 2017 மே 12 அன்று பிரிட்டனில் தெரிந்தது. வான்னாக்ரை என்பது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பணம் கேட்கும் தீநிரல். அது உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் மருத்துவமனை உள்ளிட்ட சேவைகளை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. நோய் கண்டறியும் கருவிகளில் 1,220 தொற்றுக்கு உள்ளாயின. ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000-க்கும் மேல் இருக்கலாம் என்ற மதிப்பீட்டை அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை தருகிறது. பழமை ஒன்றையே குற்றவாளி ஆக்குவதற்கும் இந்நிகழ்ச்சி இடம் தரவில்லை. தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை அப்போதும் பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7-இல் இயங்கியவை. தீநிரல் நுழைந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்த நிரலை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும் அது பல இடங்களில் நிறுவப்படவில்லை. அது அலட்சியம். ஆனால் ஸ்கேனர்களின் நிலை வேறு. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு பராமரிப்பு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பி அவற்றுட் சிலவற்றில் பதிந்தே இருந்தது. அத்தகைய கருவிகளைப் பொதுவாக விற்பனையாளர்களே நிர்வகிக்கின்றனர் என்றும், மருத்துவமனைகள் தாமாக அவற்றில் திருத்தம் நிறுவ இயலாது என்றும் தணிக்கை அறிக்கை பதிவுசெய்தது. செய்ய விரும்பியும் செய்ய இயலாதவர்மீது கடமையைச் சுமத்தலாமா என்னும் அறக்கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு விடை தேடுமுன், வாங்கப்பட்டது ஒரு பொருளா, பல பொருள்களின் தொகுதியா என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஹா என்னும் பாளி நூலில், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று துறவி வினவி, உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று மன்னனை ஒப்புக்கொள்ள வைக்கிறார். நியாய வைசேடிகர் என்னும் இந்தியத் தருக்க மரபினர் இதை மறுத்து, உறுப்புகளில் உறைந்தும் அவற்றின் வேறாயும் நிற்கும் முழுப்பொருள் ஒன்று உண்டு என்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் அவயவி. இன்றைய வணிகம் இவ்விரு கொள்கைகளையும் தனக்கு ஏற்ற பொழுதில் மாற்றி மாற்றிக் கைக்கொள்கிறது. விற்கும்போது ஸ்கேனர் ஒரே விலையும் ஒரே சான்றிதழும் கொண்ட முழுப்பொருள். பழுது வெளிப்படும்போதோ அது உறுப்புகளாகப் பிரிந்து, இயங்குதளம் வேறொருவருடையது என்று கருவி செய்தவரும், அந்தப் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது என்று இயங்குதளம் செய்தவரும் விலகிக்கொள்ள வழி திறக்கிறது.

நாகசேனரின் கொள்கை இத்தகைய விலகலுக்குத் துணைபோவதில்லை என்பது கவனத்துக்குரியது. அதே நூலில், மாடியில் ஒருவன் உணவுண்ண ஏற்றிய விளக்கு கூரையைப் பற்றி, வீட்டை எரித்து, ஊரையே எரித்துவிடுகிறது. தான் ஏற்றிய சுடர் வேறு, ஊரை எரித்த தீ வேறு என்று அவன் வாதிடுகிறான்; இந்தத் தீ அந்தச் சுடரிலிருந்தே வந்தது என்பதால் அவன் குற்றவாளியே என்று மன்னன் தீர்ப்பளிக்கிறான். மாறாத முழுப்பொருள் எதுவும் இல்லையெனினும், காரணத் தொடர்ச்சி உள்ளவரை பொறுப்பும் தொடர்கிறது என்பதே அதன் கருத்து. வான்னாக்ரை பயன்படுத்திய தாக்குதல் முறை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து திருடப்பட்டது என்று மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித் அப்போது வெளிப்படையாகக் கூறினார். ஓட்டையை அறிந்தும் அதை ஆயுதமாகச் சேமித்துவைக்கும் அரசு அமைப்புக்கு அந்த விளக்குக் கதை நேரடியாகவே பொருந்துகிறது.

பொறுப்பு தொடர்கிறது என்றால், அதில் பெரும்பங்கு யாருக்கு? ஜெர்மனியில் பிறந்த தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ், தொழில்நுட்ப யுகத்துக்கான அறவியலை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட நூலில், பொறுப்பை ஆற்றலின் உடன்பிறப்பாகக் கண்டார். ஒன்றின் நலம் ஒருவருடைய ஆற்றலுக்கு உட்பட்டிருக்கிறது என்பதே அவரைக் கடமைப்பட்டவராக்கப் போதும். அதற்குக் கைம்மாறோ ஒப்பந்தமோ வேண்டியதில்லை. பெற்றோருக்குக் கைக்குழந்தையிடம் உள்ள கடமையை அவர் இதன் மூலவடிவமாகக் கொண்டார். தாக்குதலுக்கு மறுநாளே எக்ஸ்பிக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அனைவருக்கும் வெளியிட்டதிலிருந்து, 2014-இல் நின்றது வழங்கும் கடப்பாடே, ஆற்றல் அன்று என்பது விளங்கும். எந்த நிறுவனமும் தன் பழம்பதிப்புகள் அனைத்தையும் முடிவின்றிப் பேண இயலாது என்னும் மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அது கருவி செய்தவரின் நிலையை எளிதாக்குவதில்லை. எந்த இயங்குதளத்தைப் பதிப்பது என்று தேர்ந்தவரும், அதில் பிறர் கைவைப்பதைத் தடுத்தவரும் அவரே. ஆகவே, யோனாஸின் அளவுகோலின்படி, நோயாளியின் உடல் அந்தப் பொறிக்குள் கிடத்தப்படும் காலம் வரைக்கும் முதற்பொறுப்பு அவருடையது.

கருவியை வலையமைப்பிலிருந்து துண்டித்துத் தனிமைப்படுத்துவது பலர் கைக்கொள்ளும் காப்புமுறை. ஆபத்தை அது பெரிதும் குறைக்கும். ஆனால் எடுத்த படம் வேறோர் அறையிலுள்ள மருத்துவரைச் சென்றடைந்தால்தான் அக்கருவிக்குப் பயன் என்பதால், முழுத் துண்டிப்பு பெரும்பாலும் இயலாததாகிறது. அமெரிக்கா 2022-இன் இறுதியில் இயற்றிய சட்டம், இணையத்தோடு இணையக்கூடிய புதிய மருத்துவக் கருவிகளுக்கு ஒப்புதல் கோருவோர், பின்னாளில் வெளிப்படும் ஓட்டைகளைக் கண்டறிந்து அடைக்கும் திட்டத்தையும் சேர்த்தே அளிக்க வேண்டும் என்றது. அது 2023 மார்ச் 29-க்கு முன் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பொருந்தாது. அதற்கு முன்பே ஒப்புதல் பெற்று மருத்துவமனைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் கருவிகளுக்குச் செய்யவேண்டிய நீதி ஒன்று உண்டு: பராமரிப்பைக் கைவிடும் உற்பத்தியாளர், திருத்துவதற்கான ஆவணங்களையும் உரிமையையும் கருவியை வைத்திருப்போரிடம் ஒப்படைக்கும்படி சட்டம் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும்.