முருகைக்கல் சுவர்

மண்டபம் பக்கத்திலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் சுவர் முருகைக்கல். மன்னார் வளைகுடாவில் உயிரோடிருந்த பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வந்தது. சிறுவயதில் அதன் பூப்பூவான துளைகளை விரலால் தடவி விளையாடியிருக்கிறேன். ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குடியிருந்த அறை என்பது பெர்த்துக்குப் படிக்க வந்தபிறகுதான் தெரிந்தது.

திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு முழக் கல்லுக்கு நாற்பது வருடமாவது ஆகும். பார் உடைந்தால் அலையைத் தடுக்க ஆளில்லை. உள்ளே கடற்புல் நிலைக்காது, அதை மேயும் ஆவுளியாவும் தங்காது. தூத்துக்குடிக்கு அருகே விலாங்குசல்லித் தீவு மூழ்கியதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். 2001இல்தான் சட்டம் பவளத்தைப் புலியோடு ஒரே அட்டவணையில் வைத்தது.

தாத்தாவைக் குற்றவாளி என்பேனா? அவருக்கு அது வெறும் கல். ஆனால் பார் உடைந்த இடத்தில் மீன் குறைந்ததைக் கடலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்களே. கேட்கத் தோன்றாததும் அறியாமையில் சேருமா?

எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. கடல் சூடேறினால் பவளம் தனக்குச் சோறு போடும் பாசியையே வெளியேற்றி வெளுக்கிறது; சூடு நீடித்தால் பட்டினியில் சாகிறது. 1998, 2010, 2016இல் மன்னாரிலும் வெளுத்தது. விமானப் புகைக்கும் அதில் பங்குண்டு என்று தெரிந்தே வருடம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகிறேன். போகாதே என்னும் அறம் எனக்கு ஒப்பவில்லை. போவதை நியாயம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இப்போது சித்தப்பா மகன் வீட்டை இடிக்கக் கையெழுத்துக் கேட்கிறான். கல்லை என்ன செய்வாய் என்றேன்.

"பள்ளத்துல கொட்டிரலாம்ணே."

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.