சிக்கனம் யாருக்கு அறம்?

விலை வீழ்ந்த காலங்களிலெல்லாம் ஓர் உபதேசம் தவறாமல் எழுகின்றது: "ஏழைகளே, சிக்கனமாயிருங்கள்!" இவ்வுபதேசம் உரிய செவியைத்தான் சென்றடைகின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராய விரும்புவது.

மலாயா கண்ட பெருமந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1929இல் இராத்தல் ஏறத்தாழ 34 காசு விற்ற இரப்பர், 1932இல் 7 காசளவிற்கு இறங்கிற்று. 1928இல் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என விதிக்கப்பெற்ற நாட்கூலி, 1930இல் ஐந்திலொரு பங்கு வெட்டுண்டது, பின்னரும் குறைந்தது. 1930 முதல் 1932 முடிய ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். அந்நிலையிலுள்ளோரிடம் சிக்கனம் பேசுவது, பட்டினி கிடப்பவனுக்கு விரத மகிமையைப் போதிப்பதற்கு ஒப்பாகுமன்றோ?

மறுபுறம், பணமுடையோர் "காலம் சரியில்லை" என்று பையை இறுக முடிந்துகொண்டால் நேர்வதென்ன? தையற்காரனுக்குத் துணி வாராது. தச்சனுக்கு வேலை வாராது. அவ்விருவரும் கடைக்காரனுக்குப் பற்றை அடைக்க மாட்டார்கள். ஒருவன் செலவே மற்றொருவன் வரவு. ஆங்கிலப் பொருளறிஞர் கெயின்ஸ் 1931 ஜனவரியில் வானொலி வாயிலாக இதனையே விளக்கி, கடைக்குச் சென்று பொருள் வாங்குமாறு இல்லத்தரசிகளை வேண்டினார். ஆகவே, மந்தகாலத்தில் செலவிடுவது உள்ளவர் கடமை.

"அங்ஙனமாயின் கள்ளுக்கும் கல்யாண ஆடம்பரத்திற்கும் இறைப்பதும் கடமையோ?" எனச் சிலர் வினவலாம். அன்று. கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரத்தில் ஒருநாள் வியாபாரம் நடக்கும். பின்னர்ப் பல மாதக் கூலி வட்டிக்கே போகும். பிள்ளையின் புத்தகத்திற்கும் பாலுக்கும் செலவிட்ட காசோ வீட்டிலும் பயன் தரும், கடையிலும் பயன் தரும்.

இனி, மந்தத்தில் இலாபந் தேடுதல் தகுமா? பழங்குடையைச் செப்பனிடுபவனும், எளியோர் கைக்கெட்டச் சரக்கைச் சிறு அளவில் விற்பவனும் ஈட்டுவது நேர்மையான இலாபமே. ஆனால் பிறனுடைய நகையையும் நிலத்தையும் அடிமாட்டு விலைக்குப் பறிப்பதைச் சாமர்த்தியம் என்று உலகம் மெச்சுகின்றது. இதனை அளக்க ஓர் அளவுகோலுண்டு: விற்றவன் "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தானா? இல்லையெனில் அது வியாபாரமன்று, வேட்டை. சிறு நிலங்கள் கடனுக்காக விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த 1931இல் ஐக்கிய மலாய் நாடுகளில் சட்டமே இயற்ற நேர்ந்ததென்றால், அவ்வேட்டையின் கடுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தொழிலாளிக்குச் சேமிப்பே வேண்டாவோ? வேண்டும், கூலி வருங்காலத்தில் வேண்டும், கூடி வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் பறிபோகும் அச்சம் சூழ்ந்த வேளையில், 1960இல் துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் செலுத்திய சிறு தவணைகளைத் திரட்டி அச்சங்கம் தோட்டங்களையே வாங்கிற்று. தனியே மடியில் முடிந்த காசு அடுத்த காய்ச்சலில் கரைந்துபோகும். கூடிச் சேர்த்த காசோ நிலமாயிற்று.

தோழர்களே! அடுத்தமுறை விலை வீழ்ந்து, சிக்கனம் பேச ஒருவர் மேடையேறினால், அவரிடம் பணிவுடன் ஒன்று கேளுங்கள்: "ஐயா, இம்மாதம் தாங்கள் யாருக்கு வேலை கொடுத்தீர்கள்?"