விடியுமுன் கைமாறும் பிள்ளை

ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிரில்தான். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு, லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளின் காலையையும் அந்த மரமே தீர்மானித்தது. தாய் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, கிளம்புவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்கு, மூத்தது பாட்டியிடம், பிறகு பள்ளிக்கூடம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல இடங்களில் கிராணி என்ற தோட்டக் கணக்கரோ, கங்காணி என்ற மேற்பார்வையாளரோதான் வாத்தியார்.

இப்படிப் பல கைகளில் வளரும் பிள்ளைக்குப் பாசம் குறைவு என்று பேசுவது தவறு. திரும்பி வர ஒரு ஆள் உண்டு என்று நம்பும் குழந்தைதான் தைரியமாக விலகிப் போய்ப் புதியதைத் தொட்டுப் பார்க்கும். ஜான் பௌல்பி வகுத்த பிணைப்புக் கோட்பாட்டின் மையம் இது. அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55இல் உகாண்டா கிராமங்களில், தங்கள் உணவுப் பயிர்த் தோட்டங்களில் வேலை செய்யும் தாய்மாரிடையே இதைக் கவனித்தார். வேறு பலரும் தூக்கி வளர்த்த குழந்தைகளிலும் தாயோடு உறுதியான பிணைப்புக் கொண்டவர்கள் இருந்தார்கள். பால்மரம் வெட்டும் தாயைக் குற்றம் சொல்ல இந்தக் கோட்பாட்டில் இடமில்லை.

ஆசிரியர் தாயாகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் பள்ளி நேரத்தில் பிள்ளை திரும்பிப் பார்க்கும் முகம் அவருடையதுதான். ஒருத்தி ஒவ்வொரு வரிக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு "டீச்சர், சரியா?" என்று வருவாள். ஒருவன் மேசையைத் தட்டிச் சண்டை இழுப்பான். இன்னொருவன் கணக்குப் புரியாமலே கடைசி வரை வாய் திறக்க மாட்டான். முதல் இருவரும் எப்படியோ ஆசிரியரின் கவனத்தை வாங்கிவிடுகிறார்கள். மூன்றாமவனை 'நல்ல பிள்ளை' என்று எழுதி விட்டுவிடுகிறோம். எனக்கு அவனைப் பற்றித்தான் கவலை. கேட்டால் உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவனுக்கு இல்லாமல் இருக்கலாம். தினமும் அவன் பக்கம் போய், பெயர் சொல்லி, ஒரு கேள்வி கேட்டால் அந்த அவநம்பிக்கை மெல்ல மாறும். சண்டைக்காரனைக் கண்டித்த ஆசிரியர் மறுநாள் காலை வழக்கம்போல் பேச வேண்டும். கோபம் வந்தாலும் உறவு அறாது என்று அவன் அறிவது அப்போதுதான். அமெரிக்காவில் பிரிட்ஜெட் ஹாம்ரியும் ராபர்ட் பியான்டாவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் வகுப்பு ஆசிரியரோடு ஏற்பட்ட கசப்பு எட்டாம் வகுப்பு வரை பிள்ளையின் படிப்பிலும் நடத்தையிலும் தெரிந்தது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, நீலாய் பக்கம் வீடமைப்புத் திட்டங்களாகி, லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் சிதறின. பிள்ளையைக் கைமாற்றிக்கொண்ட பாட்டியும் ஆயாவும் இன்று அடுத்த வீட்டில் இல்லை. அந்தப் பாரத்தில் ஒரு பங்கு பள்ளிக்கு வந்திருக்கிறது. மாணவர் குறைந்த தோட்டப்பள்ளிகளை வெறும் பிரச்சினையாகவே பேசுகிறோம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் ஆசிரியர் அறிந்திருக்கக்கூடிய இடங்களும் அவைதான்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில், பல சமயம் மலாய்மொழிக்குத் தயார்செய்யும் புகுமுக வகுப்பில், முகம் தெரியாதவர்களிடையே உட்காரும். போகுமுன் அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரையாவது அதற்கு நேரில் அறிமுகப்படுத்தி வைப்பது தமிழ்ப்பள்ளி ஆசிரியரால் முடியும்.