தெரிஞ்ச கேள்வியும் அந்த முப்பது செகண்டும்



சொந்தங்களே, நம்ம குரூப்ல வேலைக்கு அலையுறவங்க நிறைய பேர் இருக்கீங்க. இது உங்களுக்காக. பாதி எனக்காகவும்தான்.

எனக்கு ஊர் புதுவயல். அரிசி ஆலைக்குப் பேர் போன ஊர். நெல் அவியுற வாசத்துலதான் வளர்ந்தேன், அப்பாவுக்கும் ஆலையிலதான் வேலை. போன மாசம் சென்னையில ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். கம்பெனி பேர் வேண்டாம்.

மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் மாதிரி கம்பெனிகள்ல ‘கேஸ்’னு ஒண்ணு கொடுப்பாங்க. ஒரு நிறுவனத்தோட சிக்கலைச் சொல்லி, எப்படித் தீர்ப்பீங்கன்னு கேட்பாங்க. விடையை விட, விடைக்குப் போற வழியைத்தான் பார்ப்பாங்க. அதனால "முப்பது செகண்ட் யோசிச்சுக்கலாமா?"ன்னு கேட்டுட்டு பேப்பர்ல எழுதிக்கலாம். அது வழக்கம்.

முதல்ல ஒரு கணக்கு கேட்டாங்க. சென்னைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நெல் வேணும்? சிரிப்பே வந்துடுச்சு. ஒரு கோடி பேர், ஆளுக்கு 250 கிராம் அரிசின்னு வச்சா 2,500 டன். நூறு கிலோ நெல்லை அரைச்சா 65 கிலோ அரிசி தேறும்னு அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். அப்போ நெல் சுமார் 3,800 டன். "65 எப்படித் தெரியும்?"னு கேட்டார். "அப்பா ஆலையில இருக்கார் சார்"னேன். சந்தோஷமா தலையாட்டினார்.

அடுத்து கேஸ். ஒரு டீத்தூள் கம்பெனிக்கு விற்பனை கூடுது, லாபம் குறையுது. ஏன்?

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். காலையில முதல் ஆளா உள்ள போன என் நண்பன் வெளிய வந்ததும் வாட்ஸ்அப்ல போட்டிருந்தான். அவன் எங்க தடுமாறினான், அவர் எந்தப் பதிலை எதிர்பார்த்தார், எல்லாம் அதுல இருந்துச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "முப்பது செகண்ட் கொடுங்க சார்"னேன். பேனாவை எடுத்தேன். நெத்தியைச் சுருக்கினேன். ரெண்டு கோடு போட்டு ஒண்ணை அடிச்சேன்.

எனக்கு வேலை கிடைச்சது. அவனுக்குக் கிடைக்கல.

ராத்திரி படுத்தா இதேதான் ஓடுது. நெல் கணக்கும் முன்னாடியே தெரிஞ்சதுதானே, அது மட்டும் எப்படிச் சரி? சிட்டி பசங்க காசு கட்டி மாக் இன்டர்வியூ போறாங்க. பெரிய காலேஜ் கிளப்புங்க கேஸ்புக்கே போடுறாங்க. புதுவயல்காரனுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் கிடைச்சா தப்பா? இந்த வாதத்துல நியாயம் இல்லாம இல்ல, இப்பவும் முழுசா விட முடியல. ஆனா நெல் எப்படித் தெரியும்னு கேட்டப்போ உண்மையைச் சொல்ல முடிஞ்சது. டீ எப்படித் தெரியும்னு கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். பதில் தெரிஞ்சிருந்தது குத்தமில்ல. தெரியாத மாதிரி நடிச்ச அந்த முப்பது செகண்ட்தான் உறுத்துது.

நம்ம முருகன் பிரம்மாவை மடக்கின கதை உங்களுக்குத் தெரியும். பிரம்மா வேதத்தை ‘ஓம்’னு ஆரம்பிச்சார். நிறுத்துங்க, அதுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டார் முருகன். பிரம்மா முழிச்சார். குட்டும் ஜெயிலும் அதுக்குத்தான். தெரியாததுக்கு இவ்வளவு பெரிய தண்டனையான்னு சின்ன வயசுல தோணும். ஆனா அதே அர்த்தத்தைச் சிவபெருமானும் சுவாமிமலையில சீடனா உட்கார்ந்து கேட்டுக்கிட்டார். தகப்பனே மகன்கிட்ட பாடம் கேட்டார்! அவருக்கு ஒரு அவமானமும் வரல. பிரம்மா மாட்டினது, தெரிஞ்ச மாதிரியே காலங்காலமா சொல்லிக்கிட்டு இருந்ததுக்கு. நானும் டீ கேஸை அப்படித்தான் ஒப்பிச்சேன், தடுமாறாம.

இதுல நேர்த்திக்கடன் வேற இருக்கு. வேலை கிடைச்சா நான் குன்றக்குடிக்கு நடந்து வந்து மொட்டை போடுவேன்னு அப்பத்தா வேண்டிக்கிச்சு. இந்தப் பக்கத்து நகரத்தார் அந்தக் காலத்துல பர்மா, மலாயா, சிங்கப்பூர்னு கடை வச்சப்போ வியாபாரத்துல ஒரு பங்கை மகமைன்னு கோயிலுக்கு ஒதுக்குவாங்க. 1859ல சிங்கப்பூர் டேங்க் ரோட்டில தண்டாயுதபாணிக்குக் கோயிலே கட்டினாங்க. அதை நினைச்சா எனக்கு ஒரு சந்தேகம் வரும். கொடுத்த கணக்கே கோணலா இருந்தா, மகமை கட்டினதும் அது நேராயிடுமா? முருகன் என்ன, கமிஷனா வாங்குறார்?

நண்பன்கிட்ட சொல்லிட்டேன். "விடுடா மச்சான், நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்"னான். அவன் மனசு பெருசு. ஆனா அன்னைக்கு வராண்டாவுல இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு கையில சின்னதா ஒரு வேல் டாலரைப் பிடிச்சிக்கிட்டு கண்ணை மூடியிருந்துச்சு. அவங்க சார்பா இவன் எப்படி விட முடியும்?

முந்தாநேத்து இன்டர்வியூ எடுத்தவருக்கு மெயில் போட்டேன். நாலே வரி. கேஸ் முன்னாடியே தெரியும், சொல்லியிருக்கணும், சொல்லல, வேற கேஸ் கொடுத்தா மறுபடி வர்றேன். நண்பன் பேரைப் போடல.

பதில் இன்னும் வரல. அப்பாவுக்குத் தெரியாது. அப்பத்தா காலையில கேட்டுச்சு, "என்னப்பு, வேலை உறுதிதானே, எப்ப நடக்கப்போற?" வர்ற கார்த்திகைக்குக் கிளம்புறேன்னு சொல்லிட்டேன். மெயில்ல என்ன வந்தாலும் சரி. காரைக்குடி பக்கம் யாராவது கூட நடக்குறதா இருந்தா சொல்லுங்க.

ஓம் சரவணபவ.